வலது பக்க முடிச்சு

எங்கள் வைக்கோல் கட்டும் மிஷின் ஒரு கட்டுக்கு இரண்டு முடிச்சு போடும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டும் விழுந்தால்தான் அது கட்டு. ஒன்று தவறினால், பின்னாலிருந்து வெளியே வரும் செவ்வகம் தரையைத் தொட்டதும் ஒரு பக்கமாக வாயைத் திறந்து படுத்துவிடும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, அக்காவின் நிலத்தில் முதல் இருபது கட்டில் பதினேழு அப்படிப் படுத்தன. பதினேழிலும் தவறியது வலது பக்க முடிச்சு.

அக்கா என் கூடப் பிறந்தவர் அல்ல. சித்தூர்ப் பக்கம் குடிபாலாவை ஒட்டிய எங்கள் ஊரில் அவரை எல்லோரும் அக்கா என்பார்கள். அவரைவிட மூத்த இரண்டு பேர் உட்பட. அவருடைய அப்பா அம்மாவுக்கு நிலம் இல்லை. எல்லை தாண்டி வேலூர்ப் பக்கம் போய் மற்றவர்கள் நெல்லை அறுத்தவர்கள். அக்காவுக்கு இப்போது இரண்டு ஏக்கர், ஐந்து மாடு. காலையும் மாலையும் பால் கேனை மொபெட்டில் வைத்துப் பால் வாங்கும் கேந்திரத்துக்குக் கொண்டு போகிறார். அந்த இரண்டு ஏக்கர் வைக்கோல்தான் அடுத்த அறுப்பு வரைக்கும் மாடுகளுக்குத் தீனி.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை என்று எல்லோர் போனிலும் வந்திருந்தது. போகிக்கு முந்தின நாள் அறுப்பு மிஷின் விட்டுப் போன வைக்கோல், நிலத்தில் வரிசை வரிசையாகக் காய்ந்து கிடந்தது. மிஷின் அறுத்த வைக்கோல் துண்டு துண்டாக இருக்கும். கையால் வாரிப் போர் போடப் பத்து ஆளாவது வேண்டும். அந்தப் பத்து ஆளும் அவரவர் நிலத்தில் அதே மழைக்குப் பயந்து வாரிக்கொண்டிருந்தார்கள்.

வைக்கோல் நனைந்து கறுத்துவிட்டால் ஐந்து மாட்டுக்கும் தீனி போட முடியாது. ஒன்றை விற்க வேண்டும். விற்றால் சீக்கிரம் போவது கறுப்பு மாடு. தலைச்சன் சினை, ஏழு மாதம். அக்கா தரகரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார். வைக்கோல் கொட்டகைக்குள் வந்துவிட்டால் தரகருக்குக் காபி கொடுத்து அனுப்புவது, வராவிட்டால் மாட்டைக் கொடுத்து அனுப்புவது என்பது திட்டம். இதை அவர் எங்களிடம் மறைக்கவில்லை. மிஷின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

மிஷின் எனக்கும் என் சித்தப்பா மகனுக்கும் பாதிப் பாதி. சித்தூரில் ஒரு பத்திரிகையில் நிருபராகவும் பிறகு செய்தி திருத்துகிறவனாகவும் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு வந்து நான் என் பாதியை வாங்கினேன். தம்பி டிராக்டர் ஓட்டுகிறான். ஓடுகிற பாதி அவனுடையது, நிற்கிற பாதி என்னுடையது என்பான்.

அதன் வயது எங்களுக்குத் தெரியாது. காளஹஸ்திப் பக்கம் ஒருவரிடம் வாங்கினோம். அவர் வேறொருவரிடம் வாங்கியிருந்தார். சுரண்டிப் பார்த்தால் மூன்று நிறத்தில் பெயிண்ட் வரும். கூடவே ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் முடிச்சைப் பற்றிய பக்கங்கள் மட்டும் இல்லை. முந்தைய சொந்தக்காரர்கள் அவற்றைத்தான் அதிகம் புரட்டியிருக்க வேண்டும்.

முடிச்சு போடும் பாகத்தை நாங்கள் நாட்டர் என்போம். அதன் நடுவில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு இரும்பு மூக்கு. கிளி மூக்கு மாதிரி வளைந்திருக்கும். கீழிருந்து ஒரு ஊசி நூலைக் கொண்டுவந்து அதன் மேல் போடும். மூக்கு ஒரு சுற்றுச் சுற்றி நூலை வளையமாக்கும். பிறகு வாயைத் திறந்து நூலின் நுனியைக் கவ்வும். உடனே ஒரு கத்தி வந்து நூலை அறுத்து, வளையத்தை மூக்கிலிருந்து தள்ளிவிடும். வளையம் வழுக்கி இறங்கி நுனியின் மேல் இறுகினால் முடிச்சு. இவ்வளவும் ஒரு தும்மல் நேரத்தில் நடக்கும். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் கண்ணால் பார்த்தோம். மிஷின் மேல் அப்போதும் மாட்டுப் பொங்கல் இருந்தது. டயரில் சந்தனம், மூடியில் சந்தனம், வாடிய சாமந்தி மாலை, இழுக்கும் கொக்கியில் கரும்புத் தோகை. எங்கள் ஊரில் மாடு இல்லாதவர்கள் டிராக்டருக்குச் செய்வார்கள். மாடும் டிராக்டரும் இருப்பவர்கள் இரண்டுக்கும் செய்வார்கள். அக்கா தன் ஐந்து மாட்டுக்கும் செய்துவிட்டு, மறுநாள் தன் நிலத்துக்கு வரப்போகிற மிஷினுக்கும் செய்துவிட்டுப் போயிருந்தார்.

"இன்னாடா இது, அழுக்குத் துணி மூட்டைய அவுத்தா மாரி கீது?" என்றார் அக்கா, பதினேழாவது கட்டைப் பார்த்து.

"நூலு இன்னாமோ பண்ணுதுக்கா" என்றான் தம்பி.

இடது பக்க நூல் உருண்டையை எடுத்து வலது பக்கம் போட்டோம். வலது பக்கம் தவறியது. இடது பக்கம் வலதின் நூலை வாங்கிக்கொண்டு ஒழுங்காகக் கட்டியது. ஆக நூல் காரணம் இல்லை. நூலைத் தளர்த்தினோம். தவறியது. இறுக்கினோம். தவறியது. வண்டியை மெதுவாக ஓட்டினோம். மெதுவாகத் தவறியது. தம்பி அரம் வைத்துக் கத்தியைத் தீட்டினான். அதற்குப் பிறகு அறுந்த நுனிகள் சுத்தமாக இருந்தன.

நான் தவறிய நூல்களை எடுத்து, துண்டை வரப்பில் விரித்து, வரிசையாக வைத்தேன். ஒன்று கவனத்தில் பட்டது. எல்லா நூலிலும் முடிச்சு இருந்தது. முடிச்சை ஒட்டினாற்போல நூல் பிய்ந்திருந்தது.

"முடிச்சு கீதுண்ணா. கட்டுதான் இல்ல" என்றான் தம்பி.

"கல்யாணம் ஆச்சு, குடித்தனம் நடக்கல" என்றார் அக்கா.

நோட்டில் எல்லாம் எழுதினேன். எந்தப் பக்கம், எத்தனையாவது கட்டு, நூல் எங்கே பிய்ந்தது. எப்போதிலிருந்து என்றும் கேட்டேன்.

"பொங்கலுக்கு முன்னாடி நல்லாத்தான் கட்டிச்சு. போகி அன்னிக்கு ஏரிக்கரை நெலத்துல நூத்தம்பது கட்டு. ஒண்ணு தவறல" என்றான் தம்பி.

'பொங்கலுக்குப் பின்' என்று எழுதிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எல்லாமே பொங்கலுக்கு முன் அல்லது பொங்கலுக்குப் பின்தான் நடக்கும். அதனால் அதை ஒரு தேதியாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு பழைய புடவைகளைக் கொண்டுவந்தார். பட்டை பட்டையாகக் கிழித்து, தவறிய கட்டுகளின் வலது பக்கத்தைக் கையால் கட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்கு நாற்பது கட்டு ஆகியிருந்தது. நிலத்தில் முக்கால் பாகத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. புடவை தீர்ந்துவிட்டது.

புதன்கிழமை நான், மூக்கின் வாயை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சித்தூரில் அந்த ஸ்பிரிங் இல்லை. திருப்பதியில், திருச்சானூர் போகும் வழியில், பழைய விவசாய மிஷின்களுக்குச் சாமான் விற்கும் ஒரு கடை இருந்தது. கடைக்காரரே மெக்கானிக். ஸ்பிரிங்கை இரண்டு விரலால் அழுத்தினார். போனில் நான் காட்டிய, பிய்ந்த நூல்களின் படங்களை அழுத்தின நேரம்கூடப் பார்க்கவில்லை.

"ஸ்பிரிங் போயிந்தி சார். நைன்டி பர்சென்ட் இதான்."

"மிச்சம் டென் பர்சென்ட்?"

"அதி மீ அதிருஷ்டம்" என்று, மிச்சத்தை என் அதிர்ஷ்டத்திடம் விட்டுவிட்டு, புது ஸ்பிரிங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

கடையில் இருக்கும்போதே அக்கா போன் செய்தார்.

"எங்க கீறே தம்பி?"

சொன்னேன்.

"அப்ப திருச்சானூரு பக்கத்துலதான? அம்மா கோயில் குங்குமம் ஒரு பொட்லம் வாங்கிக்கினு வந்துடு."

"வீட்டுக்காக்கா?"

"வீட்டுல கீது. இது மிஷினுக்கு."

ஷேர் ஆட்டோவில் போய், குங்குமம் வாங்கிக்கொண்டு, அடுத்த ஷேர் ஆட்டோவில் திரும்பினேன். சட்டைப் பையில் ஒரு பக்கம் ஸ்பிரிங், ஒரு பக்கம் குங்குமம். இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அந்தப் படங்களை நகரியில் இருக்கும் ஒரு தறி மேஸ்திரிக்கு அனுப்பினேன். விசைத்தறிகளைப் பழுது பார்ப்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பத்திரிகையில் இருந்தபோது நகரித் தறிகளைப் பற்றி நான் எழுதிய ஒரு செய்தியில் பாவு நூலையும் ஊடை நூலையும் மாற்றி எழுதிவிட்டேன். அன்று காலை ஆறரைக்குப் போன் செய்து திருத்தியவர் அவர். அதற்குப் பிறகு தறி பற்றி எது எழுதினாலும் முதலில் அவருக்குப் படித்துக் காட்டுவேன். வைக்கோல் மிஷினை அவர் பார்த்ததில்லை. ஆனால் நூல் அறுவதைப் பார்ப்பதுதான் அவர் தொழில்.

பாகாலா தாண்டும்போது குரல் பதிவு வந்தது. "சார், முடிச்சு நல்லாதான் கீது. அழகா கீது. போடறதுல தப்பு இல்ல சார், விடறதுல தப்பு. எங்கியோ புடிச்சி வெச்சிக்குது, அடுத்த இழுப்புல பிச்சிக்குது. நேர்ல பாத்தா சொல்லுவேன். நூலு வரல, தறி நிறுத்திதான் கீது. நாளைக்கி மதியம் வரேன்."

மெக்கானிக் தொண்ணூறு பர்சென்ட் சொல்லியிருந்தார். அதனால் மேஸ்திரி வருவதற்குள் வேலை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் புது ஸ்பிரிங்கைப் போட்டோம். வானம் மேற்கே சுத்தமாக இருந்தது. கிழக்கே, நகரி மலைகளின் திசையில், அழுக்குத் தண்ணீர் நிறத்தில் ஒரு பட்டை. அக்கா பால் ஊற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்விட்டு நிலத்துக்கு வந்தார். கறுப்பு மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்து வரப்பில் கட்டினார். ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். புது ஸ்பிரிங் போட்ட வலது நாட்டருக்குச் சந்தனம் வைத்து, அதன் மேல் நான் வாங்கிவந்த குங்குமம் வைத்துக் கும்பிட்டார்.

"லெப்ட்டுக்கு?" என்று கேட்டேன்.

"அது நல்ல புள்ள. அதுக்கு எதுக்கு?"

முதல் கட்டு வந்தது. இரண்டு முடிச்சும் இருந்தன. இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் கட்டு. தம்பி டிராக்டரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். நான் ஸ்பிரிங் என்று நினைத்தேன். அக்கா குங்குமம் என்று நினைத்தார்.

நான்காவது கட்டு வாயைத் திறந்தது. ஐந்தாவதும் ஆறாவதும் அப்படியே.

அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். கிண்ணத்தை எடுத்துவந்து மறுபடியும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அடுத்த மூன்று கட்டு ஒழுங்காக வந்தன. பிறகு தவறின.

இதை நடந்தபடியே எழுதுகிறேன். முதல் முறை வைத்தபோது மூன்று கட்டு. இரண்டாம் முறை மூன்று. மூன்றாம் முறை இரண்டு. நான்காம் முறை இரண்டு. வைக்காதபோது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு முறையும் நோட்டில் குறித்தேன். அந்தக் காலை முழுவதும் அந்த மிஷின் விஷயத்தில் எங்களிடம் இருந்த ஒரே உறுதியான தகவல், குங்குமம் வைத்தால் கட்டு விழுகிறது என்பதுதான்.

"பாத்தியா?" என்றார் அக்கா. "வெச்சா கட்டுது. நீ திருப்பதி வரைக்கும் போய் ஸ்பிரிங்கு வாங்கிக்கினு வந்தே."

"அப்ப ஏங்க்கா நிக்குது?" என்றான் தம்பி.

"இன்னும் வையின்னு சொல்லுது."

"அப்ப ஒவ்வொரு கட்டுக்கும் வெச்சிக்கினே வரியா? மிஷினு கூடவே ஓடியாறியா?"

"ஓடியாறேன்டா. உனுக்கு இன்னா? கறுப்பு மாடு உன்னுதா?"

கிழக்கே இருந்த பட்டை அகலமாகியிருந்தது. சந்தனம் தீரும் நிலையில் இருந்தது. அக்கா வீட்டுக்கு ஆள் அனுப்பலாமா என்று பார்த்தார். அனுப்ப ஆள் இல்லை. கைகளால் வைக்கோலை வாரி வரப்போரம் குவிக்க ஆரம்பித்தார். நானும் வாரினேன். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் குவித்தது, மாடுகளுக்கு நான்கு நாளைக்கு வரும்.

மேஸ்திரி பன்னிரண்டரைக்கு பைக்கில் வந்தார். தோளில் துண்டு, பைக்குப் பின்னால் ஒரு சின்ன மூட்டைச் சாமான். மிஷினை ஒரு முறை சுற்றி வந்தார். "எவ்ளோ பெருசு" என்று மட்டும் சொன்னார். பிறகு தம்பியைக் கையால் சக்கரத்தைச் சுற்றச் சொல்லி, வலது மூக்கு ஒரு முடிச்சு போடுவதை மெதுவாகப் பார்த்தார். கத்தி வந்து வளையத்தைத் தள்ளியது. வளையம் பாதி இறங்கி மூக்கின் முதுகில் நின்றது.

"இங்க புடிச்சிக்குது சார்" என்றார்.

துண்டின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவினார். அதை மூக்கின் மேல் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். இழை பாதியில் சிக்கி அறுந்தது. இன்னொரு இழை. அதே இடத்தில் அறுந்தது. மிஷினின் அந்தப் பக்கம் போய், எக்கி, இடது மூக்கில் இழுத்துப் பார்த்தார். இழை எண்ணெயில் போவது மாதிரிப் போனது.

"தறியில ஊடை நூல கொண்டுபோற நாடா சொரசொரப்பா ஆயிட்டா இப்டிதான் பாப்போம். கைக்குத் தெரியாது. நூலுக்குத் தெரியும்."

வலது மூக்கின் முதுகை நகத்தால் சுரண்டினார். நகத்தில் செம்மஞ்சளாக ஒரு பொடி வந்தது.

"துருவா?" என்றேன்.

மோந்து பார்த்தார். "துரு இல்ல சார். சந்தனம்."

தம்பி சக்கரத்திலிருந்து கையை எடுத்தான்.

"யாரு வெச்சது?" என்று கேட்டார் மேஸ்திரி. அங்கே இருந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் அது தெரியாது.

"நான்தான்" என்றார் அக்கா. "இன்னா இப்ப?"

"ஒரே தபாவா?"

"மாட்டுப் பொங்கலுக்கு வெச்சேன். இன்னிக்கி நாலு தபா."

"மூக்கு மேலயேவா?"

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினார். "அன்னிக்கி நான் இன்னாடா கேட்டேன் உன்ன?"

தம்பி நூல் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல எதுடா முக்கியம்னு கேட்டேனா இல்லியா? இதோ இந்த மூக்குதாங்க்கா, இது இல்லன்னா மிஷினே இல்லன்னு தொட்டுக் காட்டினியா இல்லியா?"

"காட்டினேன்."

"அப்ப அங்க வெக்காம?"

"நீ நெத்தியில வெப்பேன்னு நெனச்சேங்க்கா. மூடி மேல."

"வேலை செய்யறது மூக்கு. பொட்டு மட்டும் நெத்திக்கா?"

மேஸ்திரி குறுக்கே வந்தார். "வெச்சதுல தப்பு இல்லம்மா. ஈரமா கீறப்ப அதுவே வழுக்கும். ரெண்டு மூணு முடிச்சு எறங்கிடும். வெயில்ல காஞ்சா உப்புத்தாள் மாரி ஆயிடும். அதுமேல மறுபடி வெச்சா இன்னும் தடிப்பாயிடும்."

என் நோட்டைத் திறந்து பார்த்தேன். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. பொங்கலுக்குப் பின். வலது பக்கம் மட்டும். எல்லாம் அதில் இருந்தது. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதும் அதில் இருந்தது.

மேஸ்திரி கேட்டதும் தம்பி பாட்டிலில் மண்ணெண்ணெயும், வண்டி துடைக்கும் துணியும் எடுத்துவந்தான். மேஸ்திரி துணியை நனைத்து மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இரு" என்றார் அக்கா. "அம்மா கோயில் குங்குமத்த கிரீஸ் துணியில தொடைப்பியா?"

மேஸ்திரி கையை எடுத்துக்கொண்டார். "பின்ன எப்டிம்மா?"

அக்கா கிழக்கே பார்த்தார். வரப்பில் கட்டியிருந்த மாடு, நாங்கள் குவித்த வைக்கோலில் வாய் வைத்துக்கொண்டிருந்தது. நான்கு நாள் தீனியில் ஒரு வாய் போயிற்று. காற்று கொஞ்சம் குளிர்ந்தது.

முந்தானையின் நுனியை எடுத்தார். தம்பி கையிலிருந்த மண்ணெண்ணெயை அதில் ஊற்றச் சொன்னார்.

"தப்புன்னா எனுக்கு. யாருக்கும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைக்க ஆரம்பித்தார். மாட்டின் கண்ணில் பூளை துடைப்பது மாதிரி, ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து உள்ளே. முந்தானை முதலில் சிவப்பானது, பிறகு மஞ்சளானது, பிறகு கறுப்பானது. மண்ணெண்ணெயும் சந்தனமும் சேர்ந்த வாசனையை நான் அதற்கு முன் முகர்ந்ததில்லை. ஏழு நிமிடம் ஆயிற்று. பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.

"இப்ப உன் துணில தொடை" என்றார்.

மேஸ்திரி தன் மூட்டையிலிருந்து தேய்ந்துபோன ஒரு உப்புத்தாளை எடுத்தார். புது உப்புத்தாள் இதற்கு ஆகாது என்றார். மூக்கின் முதுகை ஒரே திசையில், வளையம் இறங்கும் திசையில், நிதானமாகத் தேய்த்தார். மறுபடியும் துண்டிலிருந்து ஒரு இழை. இழை போனது. இன்னொன்று எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா இழுத்துப் பார்த்தார். அதுவும் போனது.

இரண்டு மணிக்கு டிராக்டரைக் கிளப்பினோம். முதல் மூன்று கட்டை யாரும் நம்பவில்லை. முன்பும் மூன்று வந்திருக்கிறது. நான்காவது கட்டு வெளியே வந்து தரையில் விழுந்து, வாயை மூடிக்கொண்டு கிடந்தது. அக்கா கிட்டே போய் வலது பக்க நூலில் விரலை நுழைத்து இழுத்தார். முடிச்சு இறுகியது.

"அஞ்சு வரட்டும்" என்றார்.

ஐந்து வந்தது. பத்து வந்தது. தம்பி கியரை மாற்றவில்லை. அந்த மிஷினுக்கு மேற்கொண்டு வேகம் கிடையாது. நானும் மேஸ்திரியும் அக்காவும் கட்டுகளைத் தூக்கி அக்காவின் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். நிலத்திலிருந்து கொட்டகைக்கு ஒரு தென்னந்தோப்பு தூரம். மேஸ்திரிக்கு வைக்கோல் சுணை ஒத்துக்கொள்ளவில்லை, கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

"தறிக்காரருக்கு வைக்கோ ஒத்துக்கல" என்றார் அக்கா.

"பஞ்சு தூசி ஒத்துக்கும்மா. இது கடிக்குது."

"நாங்க பொறந்ததுலேர்ந்து கடிச்சிக்கினுதான் கீது. வாங்க, இன்னும் எண்பது கீது."

ஐந்தரைக்கு முதல் தூறல் விழுந்தது. அப்போது இரண்டு வரிசை பாக்கி இருந்தது. தம்பி ஒரு வரிசையை முடித்தான். இரண்டாவது வரிசையின் நடுவில் மழை வலுத்தது. மிஷின் ஈர வைக்கோலை விழுங்காமல் திணறியது. நிறுத்தச் சொல்லிவிட்டார் அக்கா. எஞ்சியதைக் கையால் வாரி, தார்ப்பாயில் போட்டு, நான்கு பேரும் நான்கு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம். கொட்டகையில் கூரை வரைக்கும் கட்டுகள். செவ்வாய்க்கிழமை புடவைப் பட்டையால் கட்டியவை அடியில், மற்றவை மேலே. நனைந்ததை அன்று சாயங்காலமே மாடுகளுக்குப் போட்டார். மாடுகள் வித்தியாசம் பார்க்கவில்லை.

மேஸ்திரி நின்று சாப்பிட்டுவிட்டு, மழை விட்டதும் கிளம்பினார். ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டேன்.

"பழசே நல்லாதான் இருந்திருக்கும் சார். புதுசும் நல்லா கீது. இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தரகர் வந்தார். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நனைந்து வந்தவர் கொட்டகையில், கட்டுகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா காபி கொடுத்தார். நானும் தம்பியும் மிஷினைக் கொட்டகையின் தாழ்வாரத்துக்குள் பாதி தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தோம்.

தரகர் கறுப்பு மாட்டைப் பார்த்தார். பிறகு வைக்கோலைப் பார்த்தார். அவர் தொழிலில் இரண்டாவதைப் பார்த்தாலே முதலாவதைப் பற்றித் தெரிந்துவிடும்.

"வர சொன்னியேம்மா" என்றார்.

"காபிக்குதான் சொன்னேன்."

மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தில், பக்கத்திலிருந்த கட்டின் நூலைப் பிடித்து இழுத்தார். இரண்டு தரம் இழுத்தார்.

"கெட்டியா கீதே. யாரு கட்டினது?"

"மிஷினுதான். பேப்பருக்காரரு மிஷினு."

தரகர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மழையில் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அவர் போனதும் அக்கா உள்ளே போய்க் கிண்ணத்தை எடுத்துவந்தார். சந்தனம் புதிதாகக் குழைத்திருந்தார். குங்குமப் பொட்டலத்தில் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. மிஷினுக்கு முன்னால் நின்று தம்பியைப் பார்த்தார்.

"எங்க வெக்கலாம்?"

தம்பி மிஷினைச் சுற்றி வந்தான். ஊசியைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், நாட்டர் பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று திரும்பிக்கொண்டான். கடைசியில் நாட்டரை மூடும் தகரத்தின் மேல் கையை வைத்தான்.

"இதுமேல வைக்கா."

"இது முக்கியமா?"

"மழை பெய்யுதே" என்றான் தம்பி. "இன்னிக்கி இதான் முக்கியம்."

அக்கா தகரத்தில் வழிந்த தண்ணீரை முந்தானையால் துடைத்தார். அதில் மண்ணெண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. துடைத்த இடத்தில் வைத்தார்.